ஹார்டி ரோட்டுக்காரி

எங்கள் பக்கத்தில் கோவாலாவுக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அடிபட்டதோ நோய் கண்டதோ, எந்த ரோட்டில் கிடைக்கிறதோ அந்த ரோட்டின் பெயர்தான் அதற்கு. மில்லர் ரோட்டில் கிடைத்தது மில்லர். பள்ளிக்கூடச் சந்தில் கிடைத்த குட்டிக்கு ஸ்கூல். ஒரு தடவை பெட்ரோல் பங்க்கின் கழிப்பறைக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் வைத்தாய் என்று நரெல் பிக்கெட்டிடம் கேட்டால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், பெயர் மட்டும் வாயில் வராது. இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. குணமான கோவாலாவை, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பது எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சட்டம். ஒவ்வொரு தடவை பெயரைச் சொல்லும்போதும் திருப்பி ஒப்படைக்க வேண்டிய இடம் ஞாபகத்துக்கு வரும்.

நரெல் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்தவள். ஓய்வு பெறுவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுக்குப் பின்னால் கம்பிவலைக் கொட்டகை போட்டுக் கோவாலாக்களை வைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். வேலை என்னவென்று கேட்டால் இலை பறிப்பதுதான். கோவாலா நேற்று வெட்டிய இலையை முகர்ந்துகூடப் பார்க்காது. இன்று வெட்டியதிலும் நுனிக் கொழுந்து வேண்டும். தைல மரம் என்றால் எல்லாத் தைல மரமும் ஆகாது, அதற்குப் பிடித்த மரம்தான் வேண்டும். கிறிஸ்துமஸாக இருந்தாலும் காய்ச்சலாக இருந்தாலும் நரெல் காலையில் பிக்கப் வண்டியில் நீளக் கத்தரியைப் போட்டுக்கொண்டு கிளம்பியாக வேண்டும். இரவு வெளியூரில் தங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சொந்த மகள் லீயானின் கல்யாணத்துக்கே போன அன்று மாலை விமானத்தில் திரும்பி வந்தவள் அவள். அதை லீயான் இன்னும் மறக்கவில்லை.

அவள் புருஷன் டெஸ் புல்டோசர் ஓட்டியவன். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், அவர்களுக்கு இருந்ததில்லை. எங்கள் ஊரான மல்லன் க்ரீக்கைச் சுற்றி இன்றைக்கு நிற்கிற வீடுகளில் பாதிக்கு மரம் தள்ளி நிலம் சமன் செய்து கொடுத்தது அவன்தான். நரெல் கோபமாக எதையாவது ஆரம்பித்தால், "இந்த அஞ்சு ஏக்கரை உனக்கு வாங்கிக் குடுத்ததே நான் சாய்ச்ச மரந்தான் கிழவி, அதையும் சேர்த்துத் திட்டு" என்பான். அவளும் சேர்த்துத் திட்டுவாள். அப்படித்தான் அவர்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அத்தனை வருஷப் புழுதியும் டெஸ்ஸின் நுரையீரலில் போய் உட்கார்ந்திருந்தது. வாசலில் இருந்து தபால் பெட்டி வரை போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பான். தெற்கே டாஸ்மேனியாத் தீவில் கடலோரம் இருக்கும் லீயான் தன் வீட்டில் கீழ்த்தளத்து அறையை அவர்களுக்கென்று ஒதுக்கி, படுக்கை போட்டு, படி ஏறாமல் உள்ளே வர சரிவுப்பாதையும் கட்டி வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு மகன். டெஸ் அந்தப் பேரனை போன் திரையில்தான் பார்த்திருக்கிறான். இங்கே வெயில் ஏற ஏற டெஸ்ஸுக்கு மூச்சு குறைந்தது. அங்கே குளிர்ந்த காற்று. டாக்டரும் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டை வாங்க ஆளும் தயாராக இருந்தது. சுற்றியிருந்த பண்ணைகளை எல்லாம் ஒரு மனைக் கம்பெனி வளைத்துப் போட்டிருந்தது. அந்தப் பண்ணைகளின் கடைசி மரத்தைச் சாய்த்த வாரமே 'தைல மரக் குன்று' என்று பெரிய பலகை வைத்தார்கள். அவர்கள் வெட்கப்படவில்லை, அதைப் படித்துவிட்டு வண்டியில் போன நாங்கள்தான் வெட்கப்பட்டோம். நடுவில் மிச்சமிருந்தது பிக்கெட்டுகளின் ஐந்து ஏக்கரும் அதில் நின்ற மரங்களும் மட்டும்தான். நரெல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. டெஸ் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல அவள் கல்நெஞ்சக்காரி அல்ல.

"இந்த ஹார்டி குணமாகிப் போகட்டும். இதுதான் எனக்குக் கடைசி. அவளை விட்ட மறுநாள் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

ஹார்டி, ஹார்டி ரோட்டில் கார் அடித்துக் கிடந்த பெண் கோவாலா. இடுப்பில் முறிவு, இரண்டு கண்ணிலும் நோய். கொட்டகையில் இருந்த மாதங்களில் நரெல் அவளுக்கு வேறு எந்த இடத்து இலையையும் போடவில்லை. பக்கத்திலேயே மரம் இருந்தும் தினமும் ஹார்டி ரோடு வரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே நின்ற மரங்களிலேயே வெட்டி வந்தாள். ஊர் ருசி நாக்கில் இருந்தால் போன இடத்தில் தடுமாறாமல் ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குதான், எத்தனையோ கோவாலாக்களுக்குப் பலித்திருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனி ஹார்டி ரோட்டிலும் இறங்கியது. வாரத்துக்கு வாரம் நரெல் இன்னும் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. ஒருநாள் போய் இறங்கினால் ரோட்டின் முனையில் முதல் வரிசைப் புது வீடுகளும், மற்ற இடமெல்லாம் சிவப்பு மண்ணும் அளவுக் கல்லும்தான் இருந்தன. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினாள்.

அந்த வாரம்தான் வனவிலங்குத் துறையிலிருந்து ப்ரோன்வின் போன் செய்தாள். ப்ரோன்வின் நல்ல பெண்தான், சட்டம்தான் அவளுக்கு மேலதிகாரி.

"மிருக டாக்டர் பாத்துட்டாரு நரெல். ஹார்டிக்கு உடம்பு நல்லா இருக்காம். இனிமே கொட்டகையில வெச்சிருக்கக் கூடாது, விட்டுடணும்."

"எங்க விட? கூரை மேலயா?"

"எனக்குத் தெரியுது. ஆனா வேற ஊர்க் காட்டுல கொண்டுபோய் விட அனுமதி இல்ல. அங்க இருக்கறதுங்க இவள இருக்க விடாது, நோயும் பரவும்."

"அப்ப கொட்டகையிலயே இருக்கட்டும்."

"நல்லா இருக்கற மிருகத்தக் கூண்டுல வெச்சிக்க உங்க லைசென்ஸுல இடமில்ல. பூங்காவுக்கு வேணா அனுப்பலாம். டூரிஸ்டுங்க வரிசையில நின்னு தூக்கிவெச்சு போட்டோ எடுப்பாங்க."

"செத்தாலும் அனுப்ப மாட்டேன்."

"சரி, சட்டம் சொல்ற தூரத்துக்குள்ள வேற மரமே இல்லியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு ப்ரோன்வினே சொன்னாள். "அட, உங்க வீட்டு மரமே இருக்கே!"

நரெல் போனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹார்டி போனால்தான் நிலத்தை விற்கலாம். அந்த நிலத்தை விட்டால் ஹார்டிக்குப் போக்கிடம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முட்டிக்கொண்டது தன் வீட்டுச் சுவரிலேயேதான். டெஸ்ஸிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லாமலே அவன் புரிந்துகொண்டான். அவள் ஹார்டியைக் கூடையில் தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கத்து மரத்துக்குப் போனபோது, கார் நிறுத்தும் கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசி கடைசின்னு சொன்னியே, அது இதுதானா?"

"கொஞ்ச நாளைக்கு டெஸ். வேற இடம் பாத்துடறேன்."

"எங்க பாப்ப? இந்த ஊருல நீ பாக்காத மரம் இருக்கா?"

"இருக்கும்."

"இருக்காது. நான்தான தள்ளினேன், எனக்குத் தெரியாதா?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவன் சாதாரணமாகச் சொன்னான்.

ஹார்டி கூடையை விட்டு இறங்கி, மரத்தை ஒரு தடவை முகர்ந்து, விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்க் கிளைக் கவட்டில் உட்கார்ந்துகொண்டாள். நரெல்லுக்கு மனது நிறைந்துவிட்டது. மறுநாள் காலை போய் அண்ணாந்து பார்த்தால் கவடு காலியாக இருந்தது.

தைல மரக் குன்றின் விற்பனைக்காரன் ஜாரெட்டிடமிருந்து போன் வந்தது, நரெல் உடனே கிளம்பிப் போனாள். ஹார்டி ரோட்டில் மாதிரி வீடு ஒன்று கட்டியிருந்தார்கள். வாசலில் விரல் பருமனில் ஒரு கன்றை நட்டு, அது சாயாமல் இருக்கக் குச்சி ஒன்று ஊன்றியிருந்தார்கள். ஹார்டி அந்தக் குச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். நாக்கில் இருந்த ருசியைத் தேடிக்கொண்டு பழைய இடத்துக்கே நடந்து வந்திருக்கிறாள். அந்த ருசியை அத்தனை மாதம் விடாமல் ஊட்டியவள் தான்தான் என்று நரெல்லுக்கு அப்போது உறைத்தது. வேறு இலை போட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பாள். நரெல் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜாரெட்டுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "காலையில வந்த ரெண்டு குடும்பமும் இதப் பாத்துட்டு மயங்கிடுச்சு நரெல். அவசரமில்ல, மத்தியானத்துக்கு அப்புறம் எடுத்துக்குங்களேன்?"

"எடுத்துக்கறேன். எடுக்கறவரைக்கும் நீ அந்தப் பக்கத்துக் குச்சியில ஏறித் தொங்கு. உன்னயும் பாப்பாங்க."

கம்பளியைப் போட்டுப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். இரண்டே நாளில் ஹார்டி மறுபடி போய்விட்டாள். இந்தத் தடவை விளக்குக் கம்பத்தின் அடியில் இருந்தாள், எதிர்வீட்டு நாய் வேலிக்கு மேல் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது. அதன்பின் நரெல் சாயங்காலமானால் பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஹார்டி ரோட்டில் போய் நிறுத்திக்கொள்வாள். கோவாலா நடக்கிற நேரம் அது. வேலைக்குப் போனவர்கள் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிற நேரமும் அதுதான். ஹார்டி வந்தால் பிடித்து வண்டியில் போட்டுக்கொண்டு வருவாள். வராவிட்டால் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஃப்ளாஸ்க்கில் டீ, மடியில் கம்பளி. புதிதாகக் குடிவந்தவர்கள் போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் திரும்பியபோது டெஸ் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சுக்கு இழுக்கும் பம்ப் மேஜைக்கு அடியில் உருண்டு கிடந்தது. அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். அவன் இழுத்து இழுத்துப் பேசும் நிலைக்கு வரும்வரை அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி உக்காந்திருக்க?"

"கோழி வேக வெச்சேன். அடுப்ப அணைச்சிடு."

"டெஸ், கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"சொன்னா என்ன பண்ணுவ? ரெண்டு இடத்துல உக்காருவியா?"

அவள் அழுதுவிட்டாள். நரெல் அழுவது அபூர்வம், டெஸ்ஸுக்கு அதைப் பார்க்கத் தெரியாது. மேஜை விரிப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடலாம். ஹார்டிய பூங்காவுக்கே அனுப்பிடறேன்" என்றாள் அவள்.

ஆனால் மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது வாசலில் டெஸ்ஸின் பழைய கூட்டாளி கெவ்வின் வண்டி நின்றது. இடித்துத் தள்ளிய கொட்டகைகளிலிருந்து டெஸ் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த தகரமெல்லாம் பின்பக்கம் குவிந்து கிடந்தது. அதை இருவரும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இழுத்தது கெவ். டெஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினான்.

"இன்னும் ஒட்டிப் போடுறா. நடுவுல விரல் போனா ஹார்டி போயிடுவா. அந்தக் கிளைய வெட்டு, வேலிக்கு மேல வருது பாரு."

"நாப்பது வருஷம் மரத்தத் தள்ளினவனுக்கு வந்த ஞானத்தப் பாரு" என்று கெவ் முனகினான்.

"ஞானமில்ல. பொண்டாட்டி பயம்."

நரெல் டெஸ்ஸின் பக்கத்தில் போய் நின்றாள். "என்ன பண்ற டெஸ்?"

"சுத்தித் தகரம் அடிச்சிட்டா வழுக்கும், அவளால ஏற முடியாது. உள்ளயே கிடப்பா. நீ வீட்டுல இருப்ப."

"நிலம்?"

"கம்பெனிக்காரனுங்களுக்கு நேத்து ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிட்டேன். வேணாம்னு."

"ஏன் சொன்ன? நான்தான் அனுப்பிடறேன்னேனே?"

"அனுப்புவ. அப்புறம் அங்க கடலப் பாத்துக்கிட்டு உக்காந்து, அத எவன் கையில வெச்சு போட்டோ எடுக்கறானோன்னு யோசிப்ப. அந்த மூஞ்சிய நான் தெனமும் பாக்கணும்." இருமல் வந்தது. அடங்கியதும், "எனக்கு இந்த மூஞ்சியே போதும்" என்றான்.

சுற்று வேலி முடிந்த பிறகு ப்ரோன்வின் ஒரு தடவை வந்தாள். தகரத்தைத் தட்டிப் பார்த்தாள், நரெல்லைப் பார்த்தாள். முழுசாக அடைத்தால் அது கூண்டுதான் என்று அவளுக்கும் தெரியும். "நான் இங்க களைச்செடி எப்படிப் பரவியிருக்குன்னு பாக்க வந்தேன். பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூட முடிக்காமல் வண்டியை எடுத்தாள். மனைக் கம்பெனிக்காரர்களும் காத்திருக்கவில்லை. போட வேண்டிய ரோட்டை இவர்கள் வேலியைச் சுற்றி வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். இனி இவர்களாகவே விற்கிறோம் என்று போனாலும் வாங்க ஆள் இல்லை.

முதல் இரண்டு நாள் நரெல் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சாயங்காலம் வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் ஹார்டி மரத்தை விட்டு இறங்குவாள், ஹார்டி ரோடு இருக்கும் திசையை நோக்கி நேராக நடப்பாள், வேலியடியில் போய் நின்று தகரத்தைப் பிறாண்டுவாள். சறுக்கிச் சறுக்கி விழுந்து மறுபடி பிறாண்டுவாள். டிவி சத்தத்தைக் கூட்டினாலும் கேட்கும். டெஸ் கேட்காதவன் போல் இருப்பான். நரெல்லால் முடியவில்லை. ஒவ்வொரு பிறாண்டலும் தன் தோல் மேலேயே விழுவது போல் இருந்தது. நாளாக ஆக ஓய்ந்துவிடும் என்று கெவ் சொன்னான். ஓயவில்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தபோது தகரத்தின் அடியில் கோடு கோடாக ரத்தம் காய்ந்திருந்தது.

அன்று மாலை நரெல் திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். ஹார்டி ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஆளைக் கண்டு ஓடவில்லை. ஒரு கையைத் தகரத்தின் மேல் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் புது ரோட்டில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. நரெல் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு தகரத்தின் கீழ்த் திருகாணியைக் கழற்றினாள். பிறகு அடுத்ததை.

பின்னால் டெஸ்ஸின் மூச்சு கேட்டது. வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் அவன் நடந்து வந்து வெகுநாள் ஆகியிருந்தது. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வரும்வரை நின்றான்.

"யார வெளிய விடப் போற? அவளையா, என்னையா?"

நரெல் திரும்பவில்லை. "இப்படி என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல டெஸ்."

"திறந்து விட்டா எத்தன நாளு இருப்பா?"

"தெரியல."

"தெரியும். சொல்லு."

"ஒரு வாரம். அதுவும் இருக்க மாட்டா."

டெஸ்ஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்த நேரத்தில் லீயான்தான் கூப்பிடுவாள், பேரன் தூங்கப் போகும் முன் தாத்தாவிடம் முகம் காட்ட. டெஸ் இரண்டு தடவை மூச்சை இழுத்துக் குரலைச் சரி செய்துகொண்டு எடுத்தான்.

"ஆமா கண்ணு, நல்லா இருக்கேன்... இல்லம்மா, இந்த வருஷம் முடியாது. அடுத்த வருஷமும்... இல்ல, உங்கம்மா மேல தப்பில்ல, நான்தான். அந்த ரூம சும்மா போட்டு வைக்காத. வாடகைக்கு விட்டுடு."

மறுமுனையில் லீயான் என்னவோ உரக்கப் பேசினாள். டெஸ் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாக வீட்டைப் பார்க்க நடக்க ஆரம்பித்தான். பாதி வழியில் நின்றான். மறுபடி நடந்தான்.

நரெல் கீழே கிடந்த திருகாணிகளைப் புல்லில் தேடி எடுத்தாள். முதலாவதை வைத்து முடுக்கினாள். இரண்டாவதையும் வைத்து, அது இனி நகராது என்று தெரிந்த பிறகும் திருப்புளியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் கைக்குப் பக்கத்தில், தகரத்தில் ஹார்டி மறுபடி பிறாண்ட ஆரம்பித்தாள்.